ஐந்து நாளில் மாறியது, 111 நாளில் முடிந்தது

பிரிட்டனில் வீட்டுக்கு கரண்டும் கேஸும் தருகிற கம்பெனியை மாற்ற எத்தனை நாள் ஆகும்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஐந்து வேலை நாள். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் சொல்வதும் அதுதான், கம்பெனிகள் விளம்பரத்தில் போடுவதும் அதுதான். பொய் இல்லை. நானே டைரியில் தேதி குறித்து வைத்துப் பார்த்தேன். சரியாக ஐந்தாவது வேலை நாளில் மாறியது.

ஆனால் அதே டைரியில் முதல் குறிப்புக்கும் கடைசிக் குறிப்புக்கும் நடுவில் 111 நாள் இருக்கிறது. அந்த மீதி நாட்கள் எங்கே போயின என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. அந்த ஐந்து நாளைச் சாதிக்கப் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அளந்ததே தவறான இடத்தில் என்பது என் குற்றச்சாட்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நமக்கு "ஈபி" என்றால் ஒன்றுதான். கம்பம், கம்பி, மீட்டர், பில் எல்லாமே ஈபி. போன தடவை ஊருக்கு போன் பேசும்போது "கரண்ட் கம்பெனியை மாத்திட்டோம்" என்றேன். "ஈபியை எப்படிடா மாத்துவே?" என்று அம்மா கேட்டார். இங்கே கம்பியும் குழாயும் ஒருவருடையது, பில் போடுகிறவர் இன்னொருவர். பில் போடுகிறவரைத்தான் மாற்ற முடியும். மாற்றினால் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், தெருவைத் தோண்டமாட்டார்கள், விளக்கு ஒரு நொடிகூட அணையாது. மாறுவது ஒரு பதிவேட்டில் இருக்கிற பெயர் மட்டும். 1996இல் தென்மேற்கு இங்கிலாந்தில் கேஸில் ஆரம்பித்து, 1999க்குள் கிரேட் பிரிட்டனின் எல்லா வீட்டுக்கும் இந்த உரிமை வந்துவிட்டது. (வட அயர்லாந்துக்குத் தனி ஏற்பாடு.)

பதிவேட்டில் ஒரு பெயரை மாற்ற ஐந்து நாள்கூட எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்ரியின் 111 நாள்

கிழக்கு லண்டனில் எங்கள் தெருவில் இருக்கிற யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவருக்காகத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். வயது எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பில் இன்னும் கணவர் பெயரில், கணவரின் ஈமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பல வருடமாக ஒரே கம்பெனி, அதன் இயல்பான மாறும் கட்டணத்தில். அதாவது எதையும் தேர்ந்தெடுக்காதவர்களைத் தானாகப் போடுகிற கட்டணம்.

2024 குளிர்காலத்தில் இன்னொரு அடியும் சேர்ந்தது. ஓய்வூதிய வயதினருக்கு அரசு கொடுத்துவந்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகை, 200 அல்லது 300 பவுண்டு, அந்த வருடம் பென்ஷன் கிரெடிட் போன்ற வருமான உதவி வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அன்ரியின் வருமானம் அந்த வரம்புக்குக் கொஞ்சம் மேலே. உதவித்தொகை போயிற்று.

"கம்பெனியை மாத்தினா வருசத்துக்கு 130 பவுண்டு கிட்ட மிச்சமாகும் அன்ரி" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்தேக்க கரண்ட் நிண்டு போகாதோ தம்பி? குளிருக்க நான் என்ன செய்யிறது?" எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்கவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டைரிக் கணக்கு இது.

செப்டம்பர் 14, சனிக்கிழமை: உட்கார்ந்தோம். கணவர் பெயரில் இருக்கும் கணக்கைப் பற்றி அன்ரியிடம் பேச மாட்டோம் என்றது கம்பெனி. இறப்புச் சான்றிதழ் அனுப்பி, கணக்கை அன்ரி பெயருக்கு மாற்ற 24 நாள்.

அக்டோபர் 8: பில் கைக்கு வந்தது. வீடு இரண்டு ஃபிளாட்டாகப் பிரிக்கப்பட்டது. ஒப்பிடும் தளத்தில் கதவு எண்ணைப் போட்டால் இரண்டு முகவரி வருகிறது. ஒன்று "ஃபிளாட் ஏ", இன்னொன்று "முதல் மாடி". அன்ரி இருப்பது தரைத்தளம். இங்கே ஒவ்வொரு கரண்ட் இணைப்புக்கும் எம்பான் என்று 13 இலக்க எண் உண்டு. அன்ரியின் பில்லில் இருந்த எம்பான் "முதல் மாடி" என்று பதிவாகியிருந்தது. அப்படியே மேலே தள்ளியிருந்தால் மேல்மாடிக்காரரைக் கம்பெனி மாற்றியிருப்போமோ என்னவோ. கம்பிக்குச் சொந்தமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, மீட்டரின் வரிசை எண்ணைச் சொல்லி, முகவரியைச் சரிசெய்ய 9 நாள்.

அக்டோபர் 17 முதல் 21 வரை: எந்தக் கட்டணம் என்று தேர்வு. இதற்கு இரண்டு மாலையும் ஒரு ஞாயிறும். தினமும் கட்டியே ஆகவேண்டிய நிலைக்கட்டணம் ஒரு பக்கம், யூனிட் விலை இன்னொரு பக்கம். குறைவாகச் செலவழிக்கிற அன்ரி மாதிரி ஆளுக்கு யூனிட் விலையைவிட நிலைக்கட்டணம்தான் முக்கியம். அதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

அக்டோபர் 21 இரவு விண்ணப்பம். 28ஆம் தேதி மாறியது. ஐந்து வேலை நாள். விளக்கு அணையவில்லை. அன்ரிக்கு ஆச்சரியம்.

டிசம்பர் 13: பழைய கம்பெனியின் இறுதி பில். விதிப்படி ஆறு வாரத்துக்குள், அதாவது 42 நாளுக்குள் வரவேண்டும். 46 நாள் ஆனது. அன்ரி கணக்கில் 212 பவுண்டு மிச்சம் இருந்தது. கோடையில் கூடுதலாகக் கட்டிக் குளிர்காலத்தில் கழிக்கிற முறை இது. பில் வந்து பத்து வேலை நாளுக்குள் அந்தப் பணம் திரும்பி வரவேண்டும்.

ஜனவரி 3: பணம் வந்தது. அதுவும் தாமதம்தான். தாமதத்துக்கான 30 பவுண்டு இழப்பீடு விதிப்படி தானாக வரவேண்டியது, நான் எழுதிக் கேட்ட பிறகு வந்தது.

நவம்பரும் டிசம்பரும் முழுக்க அன்ரி ஹால் ஹீட்டரைப் போடவில்லை. கம்பளி போர்த்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "காசு வரட்டும் தம்பி, பிறகு போடுவம்" என்பார். புதுக் கம்பெனிக்கு மாதத் தவணை போகத் தொடங்கிவிட்டது, பழைய கம்பெனியிடம் 212 பவுண்டு கிடக்கிறது. அவர் கணக்கில் இது இரண்டு பேருக்குக் கட்டுவது. அப்படி இல்லை என்று நான் விளக்கினேன். ஆனால் பேங்க் புத்தகத்தில் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

111 நாளில் "ஐந்து வேலை நாள்" என்ற கடிகாரம் ஓடியது ஞாயிறு சனி சேர்த்து 7 நாள். மீதி 104 நாளுக்குக் கடிகாரமே இல்லை என்று சொல்ல முடியாது. கடைசிப் பகுதிக்கு விதி இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் இல்லை. முதல் பகுதிக்கு அதுவும் இல்லை.

ஐந்து வாரம் எப்படி ஐந்து நாளானது

பழைய முறையைத் தெரிந்துகொண்டால்தான் ஐந்து நாளின் அருமை புரியும். கரண்ட் இணைப்புகளின் பதிவேடு வட்டார வாரியாகக் கம்பி நிறுவனங்களிடம் இருந்தது. கேஸ் பதிவேடு தனியாக வேறொரு நிறுவனத்திடம். ஒரே வீட்டின் முகவரி ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. அதற்கு மேலே, வாங்குகிறவர் மனம் மாறினால் ரத்துசெய்ய 14 நாள் அவகாசம். அதற்கும் மேலே, கடன் பாக்கி இருந்தால் பழைய கம்பெனி ஆட்சேபிக்க அவகாசம். இவை எல்லாம் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததால் ஐந்து வாரம் சாதாரணமாகவே ஓடிவிடும். 2014 கடைசிக்குள் இதை 17 நாளாக்கினார்கள். 14 நாள் மனம்மாறும் அவகாசம், பிறகு 3 நாள் வேலை.

2022 ஜூலை 18 அன்று கரண்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து ஒரே மைய மாற்று அமைப்பு இயங்கத் தொடங்கியது. மனம்மாறும் அவகாசம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம், மாறிவிட்டுப் பிறகும் ரத்துசெய்யலாம் என்று ஆனது. தொழில்நுட்பப்படி அடுத்த வேலை நாளிலேயேகூட மாற்றிவிடலாம். ஐந்து நாள் என்பது கம்பெனிகள் தங்கள் பக்கத்து வேலையை முடிப்பதற்கான வரம்பு. ஒரு பெயரை மாற்ற ஐந்து நாள் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

இது நல்ல வேலை. முகவரிகளை ஒப்பிட்டுச் சுத்தம் செய்ததால் தவறான வீட்டை மாற்றுகிற ஆபத்தும் குறையும். அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தேதியைப் பாருங்கள். 2022 ஜூலை. மொத்தச் சந்தை விலை வெறிபிடித்து ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு சராசரி வீட்டுக்கான விலை உச்சவரம்பு ஏப்ரலில் ஆண்டுக்கு 1,971 பவுண்டு, அக்டோபருக்கு அறிவித்தது 3,549 பவுண்டு. அரசு தலையிட்டு 2,500 பவுண்டு அளவில் நிறுத்தவேண்டி வந்தது. உச்சவரம்புக்குக் கீழே எந்தக் கம்பெனியும் விற்கத் தயாராக இல்லை. கதவை அகலமாகத் திறந்துவைத்தார்கள், போவதற்கு வேறு வீடு இல்லை.

இன்னொரு விஷயம். அதே வருடம் ஏப்ரலில் ஆஃப்ஜெம் இன்னொரு விதியும் கொண்டுவந்திருந்தது. மொத்த விலை நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில் ஒருவர் கம்பெனி மாறினால், புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்கு ஒரு தொகை கொடுக்கவேண்டும். அதிக விலைக்கு முன்கூட்டியே வாங்கிவைத்த கம்பெனிகள் வாடிக்கையாளரை இழந்து விழுந்துவிடக் கூடாது என்பது காரணம். காரணம் புரிகிறது. ஆனால் விளைவு? ஒரு கை மாறும் வேகத்தைக் கூட்டியது, இன்னொரு கை மாறுவதற்குச் சுங்கம் போட்டது. 2024 மார்ச் வரை அந்தச் சுங்கம் இருந்தது.

கேட்காமலே மாறியவர்கள்

பிரிட்டன் பார்த்த பெரிய மாற்றங்களில் ஒன்று யாரும் விண்ணப்பம் போடாமலே நடந்தது. 2021 ஜூலைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் கிட்டத்தட்ட 30 கம்பெனிகள் விழுந்தன. விழுந்த கம்பெனியின் வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் சில நாளிலேயே வேறொரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. விளக்கு அணையவில்லை, வரவுப் பணத்துக்கும் பாதுகாப்பு இருந்தது. ஆனால் கணக்கு முழுசாக இடம்மாறி, பழைய மிச்சம் புது பில்லில் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆனது. இந்த ஒப்படைப்பின் செலவு எல்லார் பில்லிலும் ஏறியது. அரசுத் தணிக்கை அலுவலகம் 2022இல் போட்ட மதிப்பீடு வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு.

இதிலிருந்து தெரிவது ஒன்று. பதிவேட்டில் பெயர் மாறுவதும் பணக் கணக்கு தீர்வதும் இரண்டு தனித்தனி வேலை. முதல் வேலைக்கு ஒரு நாள் போதும். சங்கடம் எல்லாம் இரண்டாவதில். நாம் கொண்டாடுகிற எண் முதல் வேலையைப் பற்றியது.

ஜனங்கள் மாறாததற்குக் காரணம் நாட்களா?

வேகமாக்கினால் நிறையப் பேர் மாறுவார்கள், போட்டி கூடும், விலை இறங்கும் என்பது அடிப்படை நம்பிக்கை. ஆதாரங்களைப் பார்ப்போம்.

2016இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இரண்டு வருட விசாரணைக்குப் பிறகு அறிக்கை கொடுத்தது. ஆறு பெரிய கம்பெனிகளின் வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் அன்ரி மாதிரி இயல்புக் கட்டணத்தில் இருந்தார்கள். மாறினால் வருடத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் மிச்சமாகும் நிலையிலும் மாறவில்லை. 2012 முதல் 2015 வரை மொத்தமாக வருடத்துக்குச் சராசரி 140 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள் என்றது ஆணையம். மூன்று வாரம் காத்திருக்கச் சோம்பல்பட்டு ஒருவர் 300 பவுண்டை விடுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

2018இல் ஆஃப்ஜெம் தானே ஒரு சோதனை செய்தது. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. மூன்று வருடத்துக்கு மேல் இயல்புக் கட்டணத்தில் இருந்த 50,000 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடிதம் போனது. உங்களுக்காகப் பேசி ஒரு கட்டணம் வாங்கி வைத்திருக்கிறோம், உங்கள் செலவுக்கு இவ்வளவு மிச்சமாகும், இந்த எண்ணுக்கு போன் செய்தால் போதும் என்று. கடிதம் கிடைத்தவர்களில் சுமார் 22 சதவீதம் மாறினார்கள். கிடைக்காதவர்களில் 2.6 சதவீதம். மாறுவதற்கான நாட்களை அந்தச் சோதனை ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. குறைத்தது வேறு: எம்பான் தேடுவது, கணக்குப் போடுவது, யாரை நம்புவது என்று தெரியாமல் விழிப்பது. அன்ரிக்கு எனக்குப் பதிலாக அந்தக் கடிதம் வந்திருந்தால் போதும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கிறிஸ் வில்சன், கேத்தரின் வாடம்ஸ் பிரைஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, விலைக்காகவே கரண்ட் கம்பெனி மாறியவர்களை எடுத்துப் பார்த்தது. கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்ச லாபத்தில் அவர்கள் மொத்தமாகப் பிடித்தது 28 முதல் 51 சதவீதம்தான். 17 முதல் 32 சதவீதம் பேர் மாறியதால் நஷ்டப்பட்டார்கள். தேர்வு செய்வது அவ்வளவு குழப்பமாக இருக்கும் சந்தையில் வேகம் மட்டும் கூடினால், தவறான இடத்துக்கும் சீக்கிரம் போய்ச் சேரலாம்.

24 மணி நேரம்

பிரிட்டன் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 மின்சந்தை உத்தரவு, 2026க்குள் மாற்றத்தின் தொழில்நுட்ப வேலை 24 மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது. ஜெர்மனி 2025 ஜூன் 6 முதல் கரண்டுக்கு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தின் முன்னறிவிப்புக் காலம் அப்படியேதான் இருக்கிறது. 24 மணி நேரம் ஆரம்பிப்பது அதற்குப் பிறகு. கூடவே இன்னொன்றும் மாறியது. முன்பெல்லாம் வீடு மாறியவர்கள் குடிபோன பிறகு பின்தேதியிட்டுப் பதிவுசெய்யலாம். இப்போது முடியாது, முன்கூட்டியே சொல்லவேண்டும். அமைப்பு வேகமானது. மறதிக்காரர்களுக்கு இருந்த சலுகை போனது.

இங்கேயும் அதே கதை. எளிதாக அளக்க முடிகிற பகுதி சுருங்குகிறது, மனிதர்கள் மாட்டிக்கொள்கிற பகுதி அப்படியே கிடக்கிறது.

அப்போ எதை அளப்பது?

"உன் அன்ரி கதை விதிவிலக்கு. இறந்தவர் பெயரில் கணக்கு, பிரித்த வீடு, குழம்பிய முகவரி. சாதாரண ஆளுக்கு எல்லாம் சுலபம்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். என் வீட்டுக்கு நான் மாற்றியபோது அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்த 130 பவுண்டு இல்லாவிட்டாலும் ஹீட்டர் ஓடும். இயல்புக் கட்டணத்தில் வருடக்கணக்காக இருப்பவர்களில் தனியாக இருக்கும் முதியவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், இங்கிலீஷ் பில் படிக்கத் தடுமாறுகிறவர்கள் எத்தனை பேர்? விதிவிலக்கு என்று நாம் ஒதுக்குகிறவர்களுக்காகத்தானே மாறும் உரிமையே பேசப்படுகிறது?

அதனால் என் கோரிக்கை சின்னதுதான். விண்ணப்பத்திலிருந்து பெயர் மாறும் வரை எத்தனை நாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய கம்பெனியிடம் கிடக்கும் கடைசிப் பணம் கைக்கு வரும் வரை எத்தனை நாள் என்றும் கம்பெனி வாரியாக, அதே பெரிய எழுத்தில் போடுங்கள். கணவரை இழந்தவர் கணக்கைத் தன் பெயருக்கு மாற்ற எத்தனை நாள் என்பதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஆறு வாரம் என்ற இறுதி பில் விதி, மாற்றத்துக்கே ஐந்து வாரம் ஆன காலத்துக்குப் பொருத்தம். மீட்டர் அளவு அடுத்த நாளே தெரிந்துவிடும் காலத்தில் அதற்கு என்ன நியாயம்?

மாற்றப்போகிறவர்களுக்கு, அடிபட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம். ஒன்று, மாறும் நாளில் மீட்டரை வரிசை எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு, ஒப்பிடும் தளம் காட்டும் முகவரியை நம்பாமல் எம்பானைப் பில்லோடு ஒப்பிடுங்கள். மூன்று, பழைய கம்பெனியின் பேங்க் தவணையை இறுதி பில் வரும் முன் ரத்துசெய்யாதீர்கள். நாலு, நிலையான கட்டணத்தில் இருந்தால் கடைசி 49 நாளுக்குள் வெளியேறுவதற்குக் கட்டணம் கேட்க முடியாது, அதற்காகக் காத்திருக்கலாம்.

ஜனவரி 4, சனிக்கிழமை, அன்ரி வீட்டுக்குப் போனேன். ஹால் சூடாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தார். "அடுத்த வருசமும் மாத்தோணுமோ தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவேண்டிய கேள்விதான், அந்தக் கட்டணம் ஒரு வருடத்துக்குத்தான். ஆனால் உடனே வாய் வரவில்லை. "பாப்போம் அன்ரி" என்றேன்.